பின்பக்கத்து அறை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கவேண்டும் என்பதே என் நினைப்பு. வீட்டில் தங்கமாட்டோம், அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு ரூம் பாருங்கள் என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மனசு என்னவோ போலாகிவிட்டது, ஆனாலும் பார்க்கக் கிளம்பினேன். கோட்டைக்குள்ளே பழைய மாளிகையை ஓட்டலாக்கி வைத்திருக்கிறார்கள், படத்தில் பிரமாதம், நேரில் போனால் மாடிப்படி செங்குத்து, கைப்பிடி கிடையாது. இந்தக் கட்டிலில் ஒரு தளபதி தூங்கினார் என்று மேனேஜர் பெருமையடித்தார், தளபதிக்குத் தவழுகிற குழந்தை இருந்திருக்காது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பஸ் நிலையத்துப் பக்கம் ரூம் சுத்தம், ஆனால் ஹாரன் சத்தத்தில் குட்டி கண்ணை மூடாது. கடைசியில் மியூசியத்துக்குப் பின் சந்தில், ரிட்டயரான நர்ஸம்மா ஒருத்தர் தன் வீட்டிலேயே நாலு ரூம் வாடகைக்கு விடுகிறார், அங்கே தெருவைப் பார்த்த அறையை உன் பெயரில் சொல்லிவைத்தேன்.

என்னை ஏற்றிக்கொண்டு சுற்றிய டாக்சிக்காரர் போட்டுக்கொடுத்துவிட்டார். சார் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குகிறாரே, வீட்டில் ஏதும் சண்டையா என்று உங்கம்மாவிடமே கேட்டிருக்கிறார். சாப்பாடு போடும்போது யாருக்கு ரூம், எங்கே என்றாள். சொன்னேன். மறுநாள் காலை எங்கே என்று சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள், ரூமை வேண்டாமென்று சொல்லத்தான் போயிருக்கிறாள் என்று எனக்கு அரைமணி கழித்துத்தான் உறைத்தது, ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் திரும்பிவிட்டாள், என்னைத் தாண்டிப் போகும்போது பாத்ரூம் தரை வழுக்குது, ஜன்னல் கொக்கி குழந்தைக்கு எட்டுது, உங்களுக்குக் கண்ணு எங்க இருக்குன்னு மட்டும் கேட்டாள். உள்ளே நர்ஸம்மா சொன்னார், குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்று பார்த்தாளாம், மெத்தையை அமுக்கிப் பார்த்தாளாம், பின்பக்கத்து அறைதான் வேண்டுமென்று மாற்றச் சொன்னாளாம். வருவது யார் என்று நர்ஸம்மா கேட்டதற்கு என் பொண்ணு என்றாளாம். உன் கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை, நானே நேரில் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

இதை வைத்து நீ அவசரப்பட்டு மூட்டை முடிச்சோடு நேரே வீட்டுக்கு வந்துவிடாதே. வா என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டால் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று எனக்கே பிடிபடவில்லை. ரூமை ரத்து செய்யாதே, முதலில் அங்கேயே இறங்கு. மாப்பிள்ளையிடமும் பக்குவமாகச் சொல், அவர் மனசு கோணக்கூடாது. சந்துக்குள் கார் வராது, கல் பாவிய தெரு, உயரச் செருப்பு போடாதே.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நல்லபடியாக வந்து சேருங்கள், என் ஆசி எப்போதும் உங்களோடு. வந்து இறங்கியதும் என் செல்லுக்குக் கூப்பிடாதே, வீட்டு போனுக்குக் கூப்பிடு. நான் எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா