மூன்று நிமிஷம், மொழிபெயர்ப்புடன் ஆறு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் கையை எடுக்கவில்லை. ஆறாவது வாரம். குளத்தின் சுவரை நான் பிடித்திருக்கிறேனா, அது என்னைப் பிடித்திருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஒடிலியா, அந்தச் செவுரு எங்கயும் ஓடிப்போகாது, நான் காவல் இருக்கேன். விடுங்க" என்றாள் தேயா. என் தோள் உயரம்கூட இல்லாத பெண். குரல் மட்டும் வாகனங்கள் நிறுத்தும் இடம் வரை போகும். எங்கள் கல்வி மாவட்டத்தில் அறுபத்தொரு பள்ளிகள், நாற்பத்து நான்கு மொழிகள். அத்தனை நாலாம் வகுப்புப் பிள்ளைகளும் முறைவைத்துப் பேருந்தில் வந்து இவளிடமும் இவளுடைய மூன்று ஆசிரியர்களிடமும்தான் நீந்தக் கற்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்களைப் போன்ற முதிர்ந்த கேஸ்கள். எனக்கு ஐம்பத்தாறு. பக்கத்தில் சுவரைப் பிடித்திருக்கும் டுவைன் பர்டிக்கு எழுபத்தொன்று. வாழ்நாளெல்லாம் வாய்க்கால் மோட்டார் ரிப்பேர் செய்தவர், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லையாம்.

"நாம ரெண்டு பேரும் இந்தச் செவுத்துக்கு வாடகை கட்டணும்" என்றார்.

மார்ச் 5, வியாழன்

பள்ளி வாரியக் கூட்டம். இருபத்திரண்டு வருஷமாக வாரியத்துக்கு நான்தான் குமாஸ்தா. நடவடிக்கைக் குறிப்பு எழுதுவேன், விளக்குப் பெட்டியைப் பார்த்துக்கொள்வேன். பேச வரும் பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு விழுந்தால் பேச்சு நிற்க வேண்டும். பாதிரியாராக இருந்தாலும் சரி.

இன்று கண்காணிப்பாளர் டாக்டர் லாசிட்டர் செலவைக் குறைக்க வெட்டப்போகும் திட்டங்களின் பட்டியலைக் கொடுத்தார். நாலாவது வரி: நாலாம் வகுப்பு நீச்சல், குளம் உட்பட. குறிப்பில் எழுதும்போது பேனா நின்றுவிட்டது. ஓட்டெடுப்பு மே 15 காலையில், சிறப்புக் கூட்டத்தில்.

வீட்டுக்கு வந்தும் சாப்பிடப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் முதல் கூட்டம் மௌனத்தோடுதான் தொடங்கும். கோடையில் வாய்க்காலில் மூழ்கிப் போன பிள்ளைகளின் பெயரை நான்தான் தட்டச்சு செய்வேன். போன வருஷம் இசாயஸ், ஒன்பது வயது. நாலாம் வகுப்புக்குப் போக இருந்த பையன். அவனுடைய பள்ளிக்கு நீச்சல் முறை அக்டோபரில் வந்தது. இவங்களுக்கு இதெல்லாம் ஞாபகமே இல்லையா?

ஏப்ரல் 21, செவ்வாய்

கையை எடுத்தேன். இரண்டு விநாடி. மூக்கெல்லாம் தண்ணீர்.

ஏப்ரல் 23, வியாழன்

தேயா இன்று சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வகுப்பு முடிந்து துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "மே பதினஞ்சுக்குள்ள கடிதாசு கையில வந்துட்டா எங்க நாலு பேருக்கும் வேல போச்சு. அன்னைக்கு வரலைன்னா சட்டப்படி அடுத்த வருஷம் முழுக்க அசைக்க முடியாது. நாங்க இருந்தா குளத்துக்குத் தண்ணி விட்டுத்தான ஆகணும்? ஆனா வரும். அவங்க எல்லாத்தையும் நாள் தவறாம செய்றவங்க."

அவங்க இல்லை, தேயா. நாள் தவறாமல் செய்வது நான். நானும் ஒரு துண்டை எடுத்து மடித்தேன்.

மே 4, திங்கள்

பேச விரும்புகிறவர்களுக்கான பாரத்தை இணையத்தில் ஏற்றினேன். புதிதாகச் செய்யச் சோம்பல். போன இலையுதிர் காலத்தில் நடந்த பன்மொழிப் பெற்றோர் மாலையின் பாரத்தை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினேன். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டு மதியம் லிங்குயிசா சாஸேஜ் பொரித்துச் சாப்பிட்டேன்.

மே 11, திங்கள்

ஏசப்பா!

பதிவு இன்று மாலையோடு மூடியது. இருபத்தாறு பேர். இருபத்தாறு பேருக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமாம். முதலில் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு பதினேழாவது பெயரைப் பார்த்தேன்: டுவைன் பர்டி. அந்த மனுஷன் பிறந்ததிலிருந்து இங்கிலீஷைத் தவிர வேறு ஒன்றும் பேசியதில்லை.

அந்தப் பழைய பாரத்தில் 'மொழிபெயர்ப்பாளர் தேவை' என்ற கட்டத்தில் டிக் முன்கூட்டியே விழுந்திருக்கிறது. அன்றைய கூட்டத்துக்கு அது சரி. நான் அதை எடுக்க மறந்துவிட்டேன். யார் உன்னை மெச்சச் சொன்னது, ஒடிலியா? இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு காற்புள்ளி தப்பியதில்லை, இப்போ பாரு!

திருத்தலாம் என்று விதிப் புத்தகத்தை எடுத்தேன். பிரிவு ஒன்பது: பதிவு மூடிய பின் ஒருவரின் விண்ணப்பத்தை அவர் மட்டுமே மாற்றலாம், குமாஸ்தா தொடக்கூடாது. அடுத்த வரி: மொழிபெயர்ப்பாளர் வழியே பேசுகிறவருக்கு இரண்டு மடங்கு நேரம்.

மூன்று ஆறாகும். இருபத்தாறு பேர். கணக்குப் போட்டேன்: இரண்டரை மணி நேரத்துக்கு மேல். கூட்டம் ஒன்பதுக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடிய வேண்டும். நீட்ட வேண்டுமானால் ஏழு உறுப்பினர்களில் ஐந்து பேர் கை தூக்க வேண்டும்.

புத்தகத்தை மூடி வைத்தேன். தொடக்கூடாது என்றால் தொடக்கூடாது. நான் விதிப்படி நடக்கிறவள்.

மே 12, செவ்வாய்

குளத்தில் டுவைன் என்னைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடாயிருக்குன்னு மெயில் வந்திருக்கு. எனக்கெதுக்கு?"

"நீங்கதான் கேட்டிருக்கீங்க. பாரத்துல இருக்கு."

"நானா?"

"வேண்டாம்னா எழுதிக் குடுங்க, எடுத்துடறேன்."

"இருந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. மூணு நிமிஷம் ஆறாகும். ஆனா வேற மொழியில பேசணும்."

தாடை வரை தண்ணீரில் நின்று யோசித்தார். இந்த மனுஷன் புதன்கிழமைகளில் மாவட்டத்தின் முதியோர் கல்வியில் ஸ்பானிஷ் படிக்கிறார், பக்கத்து வீட்டு விதவை மெக்சிகோக்காரி என்பதால். மெல்லச் சிரித்தார். "ஒடிலியா, பேச வர்ற மத்தவங்க நம்பரும் என்கிட்ட இருக்கு."

நான் யாரையும் தூண்டவில்லை. ஒரு விதியை விளக்கினேன், அவ்வளவுதான். அது என் வேலை.

மே 14, வியாழன்

எழுதிக் கொடுத்துக் கட்டத்தை எடுக்கச் சொன்னவர்கள்: யாருமில்லை.

வேலைநீக்கக் கடிதங்கள் நாலும் உறையில் ஒட்டப்பட்டு என் மேஜைமேல்தான் இருக்கின்றன. ஓட்டு முடிந்த கையோடு கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஆளும் காரும் தயார். நாளைக்கு என் வேலையும் போகலாம். தூக்கம் வருமா என்று தெரியவில்லை.

மே 15, வெள்ளி

முழுசாக எழுதிவிட வேண்டும்.

இருபது பேருக்கு மேல் பேச வந்தால் முதல் பேச்சு தொடங்குமுன் வாரியத் தலைவர் கெச்சம் நேரத்தைக் குறைக்கலாம். முதல் ஆள் வாயைத் திறந்துவிட்டால் முடியாது. அவருக்கு இது ஒருநாளும் ஞாபகம் இருந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் 'நேரம் குறைக்கவா?' என்று எழுதிய மஞ்சள் அட்டையை நான்தான் நகர்த்துவேன். இன்று அதன்மேல் என் காபிக் கோப்பையை வைத்தேன்.

டாக்டர் லாசிட்டர் வழக்கம்போல ஆரம்பித்தார்: "நம்ம மாவட்டத்துல நாப்பத்தி நாலு மொழி. ஒவ்வொரு மொழிக்கும் இங்க இடம் உண்டு." நன்றாகக் கைதட்டினார்கள். கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள்.

முதல் ஆள் பல்தேவ் திந்த், லாரி கம்பெனி முதலாளி. எங்கள் மாவட்டப் பள்ளியில் விவாதப் போட்டியில் கோப்பை வாங்கியவர், அந்தப் படம் இன்னும் மன்றத்து நடையில் தொங்குகிறது. பஞ்சாபியில் பேசினார். மொழிபெயர்த்த அம்மாவின் இங்கிலீஷை இரண்டு தடவை இங்கிலீஷிலேயே திருத்தினார்.

தலைவருக்குப் பொறுக்கவில்லை. "மிஸ்டர் திந்த், உங்களுக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருதே?"

பல்தேவ் திரும்பி அந்த அம்மாவிடம், தலைவர் என்ன சொல்கிறார் என்று பஞ்சாபியில் கேட்டார். மன்றம் சிரிப்பில் அதிர்ந்தது. நான் குனிந்து விளக்குப் பெட்டியைத் துடைத்தேன்.

"ஒடிலியா, இது என்ன கூத்து?" என்று கிசுகிசுத்தார் தலைவர்.

"பிரிவு ஒன்பது, சார்" என்றேன்.

டுவைன் முறை வந்தது. சட்டைப்பையிலிருந்து காகிதம் எடுத்து ஸ்பானிஷில் முழங்கினார். மொழிபெயர்ப்பாளர் முகத்தில் சலனமே இல்லாமல் சொன்னார்: "தண்ணி பெருசு. என் பேத்தி சின்னது. தண்ணி சாப்புடுறது நல்லதில்ல. எனக்கு ரெண்டு பூன இருக்கு." பூனை வேறு வந்துவிட்டது, நேரத்தை நிரப்ப வேண்டுமே. மூன்றாவது வரிசையில் அவருடைய ஸ்பானிஷ் ஆசிரியை எழுந்து நின்று கைதட்டினாள். பக்கத்து வீட்டு விதவை முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பு அடங்குமுன் ஹிமேனா வந்தாள். பத்து வயது. வீட்டில் ஸ்பானிஷ், பள்ளியில், இங்கே குடியேறிய ஆசிய மலைமக்களின் மங் மொழித் திட்டத்தில் ஐந்து வருஷம். மைக் எட்டவில்லை, இறக்கிவிட்டேன். மங் மொழியில் மெதுவாகப் பேசினாள். மொழிபெயர்த்தவர் மங் இனத்துப் பெரியவர் சூ.

"மூணாம் வகுப்புல இசாயஸ் எனக்குப் பக்கத்து நாற்காலி. எங்க நீச்சல் முறை அக்டோபர்ல வந்துச்சு. நான் கத்துக்கிட்டேன். பஸ்ல அவன் எடத்துல யாரும் உக்காரல."

அவ்வளவுதான். சூவால் கடைசி வரியை முடிக்க முடியவில்லை, மறுபடி சொன்னார். அந்தப் பிள்ளைக்கு இன்னும் நாலு நிமிஷம் பாக்கி இருந்தது. அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் பச்சை விளக்கை அணைக்கவில்லை. நாலு நிமிஷமும் எரியட்டும் என்று விட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் விளையாட்டாக நினைத்துக்கொண்டிருந்தேனே.

இருபத்தாறாவது ஆள் முடித்தபோது பதினொன்று ஐம்பத்தாறு. டாக்டர் லாசிட்டர் படபடவென்று விளக்கப் படங்களைத் திறந்தார். கதவுக்கு வெளியே சமையல் படிப்புப் பிள்ளைகள் மதிய உணவைக் கொண்டுவந்து வைத்தார்கள். பொரித்த லும்பியா ரோல்களின் சூடான வாசனை உள்ளே வந்தது.

பன்னிரண்டு. சிவப்பைப் போட்டேன், முதல் தடவையாக ஒரு கண்காணிப்பாளருக்கு.

கூட்டத்தை நீட்டத் தீர்மானம். நாலு கை உயர்ந்தது. ஐந்தாவது கை திருமதி ஹேவர்கேம்ப்புடையதாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், எப்போதும் கண்காணிப்பாளர் பக்கம்தான். அந்த அம்மா ஹிமேனாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "லும்பியா ஆறிப்போயிடும்" என்றார். கையைத் தூக்கவில்லை.

இன்னொரு கூட்டம் போட ஒரு நாள் முன்னறிவிப்பு வேண்டும். நாளைக்குப் பதினாறு. அந்த நாலு உறைகளும் என் மேஜையிலேயே கிடக்கின்றன.

தேயா நடையில் நின்றிருந்தாள். என் இரண்டு கையையும் பிடித்தாள், விடவே மாட்டேன் என்கிறாள். "தேயா, செவுரு எங்கயும் ஓடிப்போகாது" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

மே 18, திங்கள்

டாக்டர் லாசிட்டர் கூப்பிட்டார். "அந்தப் பாரம்?"

"என் தப்பு, சார். பழசையே எடுத்துட்டேன்."

"அந்த மஞ்சள் அட்டை?"

"காபிக்கு அடியில இருந்துச்சு, சார்."

அவர் கெட்டவர் இல்லை. எங்கேயாவது வெட்டியாக வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "ஒடிலியா, உங்களுக்கு எழுத்துமூலமா ஒரு கண்டனம் வரும்" என்றார்.

சாயங்காலமே வந்தது. கோப்புகள் என் பொறுப்பு. நானே துளைபோட்டு, நானே தேதி முத்திரை குத்தி, என் பெயருள்ள கோப்பில் வைத்தேன். உள்ளே வேறு ஒரு தாளும் இல்லை. பாவம், இத்தனை வருஷம் தனியாக இருந்திருக்கிறது.

ஜூன் 9, செவ்வாய்

பதினொரு விநாடி!! டுவைன் பதிமூன்று. பொய் சொல்கிறார்.

ஜூலை 16, வியாழன்

மல்லாந்து மிதந்தேன். முதுகுக்கடியில் தேயாவின் கை இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் அவள் குளத்துக்கு வெளியே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். அடிப்பாவி.

"எவ்ளோ நேரம்?" என்று கத்தினேன்.

"மூணு நிமிஷம்!"

"மொழிபெயர்ப்பாளர் இருந்தா ஆறு!" என்றார் சுவரைப் பிடித்திருந்த டுவைன்.

ஆகஸ்ட் 20, வியாழன்

பள்ளி திறந்த பிறகு முதல் கூட்டம். நிகழ்ச்சி நிரலை மூன்று நாள் முன்பே தட்டச்சு செய்துவிட்டேன், ஒரே ஒரு வரியை மட்டும் இன்று காலை வரை தொடவில்லை. காவல் நிலையத்துக்கு மறுபடி ஒரு தடவை போன் செய்து கேட்டுக்கொண்டேன்.

தலைவர் எழுந்து, "மௌனம்" என்றார். தாளைப் பார்த்தார். என் பக்கம் குனிந்தார். "ஒடிலியா, பேர் விட்டுப்போச்சே?"

"விடல, சார். இந்தக் கோடையில யாருமில்ல."

என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான். இதற்கு விதி இல்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் அப்படியே நின்றோம், பிறகு உட்கார்ந்தோம்.

ஆறு மணிக்கு வகுப்பு. இன்றைக்கு ஆழமான பக்கமாம்.