வேலி தாண்டி வேர்விட்ட கொம்பு

இன்று காலை செடியைக் கழித்தபோது முழங்கை வரை முள் கீறிவிட்டது. கழுவினால் எரிகிறது. எரிச்சலில் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டியவளைத் திட்டாமல் வேறு யாரைத் திட்ட?

சுரங்கத்துத் துரையின் பங்களாவில் துரைசானி மலையிலிருந்து கொண்டுவந்து தோட்டத்தில் நட்ட கறுப்பு ராஸ்பெர்ரி முள்செடி. அங்கே தண்ணீர் ஊற்றும் வேலை உனக்கு. முதல் வருடம் நீளும் கொம்பு பூக்காது, மறு வருடம்தான் காய்க்கும், காய்த்து முடிந்ததை மட்டும்தான் வெட்ட வேண்டும் என்று சோறு போட்டுக்கொண்டே சொல்வாய். பழம் கருத்துப் பழுத்தால் குல்லாய் மாதிரி கழன்று கையோடு வரும் என்பாய். சுரங்கத்தில் பாறை உடைத்த அசதியில் எனக்குப் பாதி காதில் விழாது.

ஒரு மழைக்காலத்தில் கொம்பு ஒன்று வேலிக்கு மேலே வளைந்து, சுரங்கக் கூலிகளுக்கான நம் லைன் வீட்டுப் பக்கம் நுனி மண்ணில் பட்டு, அங்கேயே வேர்விட்டது. நீ பார்த்தாய், சும்மா விட்டாய். தழைத்த பிறகு பங்களாக் காவல்காரர் வந்து, பங்களாச் செடியைத் திருடி நட்டிருக்கிறீர்கள் என்றார். தங்கம் எடுக்கும் ஊரில் திருட்டுப் பட்டம் வந்தால் வேலையும் போகும், வீடும் போகும். பிடுங்கிப் போட்டுவிடு என்று லைனே கெஞ்சியது. நானும்தான்.

நீ கேட்கவில்லை. அவர் அரிவாளோடு வந்தபோது வேலியோரம் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"இத அறுத்தா நான் திருடினதா ஆயிடும். அம்மாவ வரச்சொல்லுங்க. இது எங்கேர்ந்து வருதுன்னு அவங்களே பாக்கட்டும்."

துரைசானி வந்தாள். அந்தப் பக்கத்துத் தூரிலிருந்து இந்தப் பக்கத்து வேர் வரை அறுபடாத ஒரே கொம்பு. பார்த்துவிட்டு, சரி இருக்கட்டும் என்று திரும்பினாள். உனக்கு அது போதவில்லை.

"திருடலன்னு சொல்லிட்டுப் போங்கம்மா."

 துரைசானி நின்று காவல்காரரிடம் அதைச் சொன்ன பிறகுதான் நீ கையை எடுத்தாய்.

அப்பேர்ப்பட்டவளைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. பங்களாவில் இப்போது வேறு துரை, அங்கிருந்த செடிகளையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டார்கள். நம்முடையது காய்க்கிறது.

ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வந்தால் இன்றும் எங்களை வரிசையில் நிறுத்தி, தங்கம் ஒளித்திருக்கிறோமா என்று மடியைத் தடவிப் பார்க்கிறார்கள். பார்த்து முடித்ததும் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார்கள். நான் போவதில்லை. என்னிடம் ஒன்றும் இல்லை என்று அவர்கள் வாயால் சொல்லும் வரை நிற்கிறேன்.