பெயர் நீக்கம்

இலக்கியாவின் அப்பாவுக்கு,

எறையூரில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது என்றார்கள். நல்லது.

வழக்கில் ஜெயித்துவிட்டோம். கணவனைப் பிரிந்தவள் அவன் சம்மதம் இல்லாமலே தனி ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் வாங்கலாம் என்று தீர்ப்பு. வக்கீலம்மா பெரம்பலூர் கோர்ட் வாசலில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். என்னிடம் மட்டும் நீட்டவில்லை.

காப்பீட்டு அட்டை இருந்தால் இலக்கியாவுக்கு ஆபரேஷன் இலவசம் என்று டாக்டர் சொன்ன அன்று, அதை வாங்க உங்கள் ரேஷன் கார்டைக் கேட்டேன். தரவில்லை. சரி, எங்கள் இரண்டு பேர் பெயரையாவது அதிலிருந்து நீக்குகிறேன், உங்கள் போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "பேரை எடுத்துட்டா அரிசி கொறஞ்சிடும், எங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று போனை வைத்துவிட்டீர்கள்.

புதுக் கார்டு நேற்று வந்தது. குடும்பத் தலைவி என்று என் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே யாரும் இல்லை.

அவள் பெயர் இன்னும் உங்கள் கார்டில்தான் இருக்கிறது. அதை நீக்க இனி ஓடிபி வேண்டாமாம், இறப்புச் சான்றிதழ் போதுமாம். நகல் இதோடு வைத்திருக்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். கொடுக்காவிட்டால் அவள் பங்கு அரிசி மாதாமாதம் வரும். வடித்துச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா