பார்பராவின் இடம் நடுவரிசையில்

பிரிஞ்சாங் மேல்தோட்டம்
ஆகஸ்ட் 1943

அன்பு மகள் ரீட்டாவுக்கு அம்மா லூர்தம்மாள் எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் உன் தங்கை பார்பராவும் உயிரோடும் மானத்தோடும் இருக்கிறோம், தைப்பிங் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் செபிக்கிறேன். தபாலில் போட்டால் ஜப்பான்காரர்கள் பிரித்துப் படிக்கிறார்கள், அதனால் காய்கறி லாரி ஓட்டும் தங்கராஜு கையில் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. அரிசியைக் கண்ணால் பார்த்து இரண்டு வாரமாயிற்று, மரவள்ளிக்கிழங்குதான், அதை விடு, என் கன்னம் வீங்கிய கதை வேறு யார் வாயிலாவது உனக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இப்போது பாடத்தைவிட உடற்பயிற்சிதான் பெரிது. காலையில் பிள்ளைகள் வரிசையாய் நின்று ஜப்பான் பாஷையில் இச்சி, நி, சான் என்று எண்ணிக்கொண்டே கையை வீசிக் குந்தி எழ வேண்டும். காய்ச்சலில் சூம்பிப்போன காலோடு நம் பார்பராவும் கோலை ஊன்றிக் கடைசி வரிசையில் நின்று முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருந்தாள். ஜப்பான் அதிகாரி பார்வையிட வருகிறான் என்று தெரிந்ததும் வேலப்பன் வாத்தியார் அவளை மட்டும் வகுப்புக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டார். வீட்டுக்கு வந்து, "நா வரிசையக் கெடுக்கிறேனாம்மா" என்றாள். அழக்கூட இல்லை.

மறுநாள் கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு வாத்தியாரிடம் போனேன். நல்ல மனுஷன், ஆனால் பயந்தவர். வரிசை கோணினால் அதிகாரி தன்னைத்தான் அடிப்பான், புரிந்துகொள்ளுங்களேன் என்றார். "அடி விழுந்தா நா வாங்கிக்கிறேன் வாத்தியாரே, ஒளிச்சு வைக்க எம்புள்ள என்ன திருட்டுச் சாமானா" என்று கேட்டேன். வழி சொன்னது பார்பராதான். குந்தி எழுவது எனக்கு வராது, ஒரு பெட்டி கொடுத்தால் உட்கார்ந்து இரண்டு கையையும் வீசுவேன், கோல் பிடித்து நின்றால் ஒரு கைதானே சார் ஓடுகிறது என்றாள். வாத்தியார் அரைமனதாய்ச் சரியென்றார். அவளோடு படிக்கும் அம்மாக்கண்ணு பேக்டரியிலிருந்து காலித் தேயிலைப் பெட்டி ஒன்றைத் தலையில் சுமந்து வந்து, கடைசியில் போடாமல் நடுவரிசையில் தன் பக்கத்திலேயே போட்டாள். அப்பாதான், உன் வாய் நம் எல்லார் தலையையும் வாங்கப்போகிறது என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதிகாரி வந்தான். நான் வேலியோரம் நின்றிருந்தேன். பெட்டிமேல் இருந்தவளைப் பார்த்ததும் கத்தினான், பிள்ளைகள் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். நான் உள்ளே போய், "கால்தான் வராது, கை வரும், செய்யச் சொல்லிப் பாக்கச் சொல்லுங்க" என்று அவன் பேச்சை மாற்றிச் சொல்லக் கூட வந்த துபாஷியிடம் சொன்னேன். அவன் சொல்லி முடிக்கவில்லை, என் கன்னத்தில் அறை விழுந்தது. காது அடைத்துவிட்டது ரீட்டா. அந்த அடைப்புக்குள்ளும் பார்பரா இச்சி என்று உரக்கச் சொன்னது கேட்டது. இரண்டு கையும் மேலே இருந்தது. அம்மாக்கண்ணு நி என்றாள், அப்புறம் பள்ளிக்கூடமே எண்ணியது. முடியும்வரை அதிகாரி பார்த்துக்கொண்டு நின்றான். மனசு மாறினான் என்று நான் சொல்லமாட்டேன், மழை இறங்கிக்கொண்டிருந்தது, காரில் ஏறிப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் என்னைக் கொழுந்து வேலையிலிருந்து தூக்கிக் காடு வெட்டப் போட்டுவிட்டார்கள். வெட்டுகிறேன், கை ஒன்றும் தேய்ந்துவிடாது. இப்போது பெட்டியைத் தினமும் எடுத்துப்போடுவது வேலப்பன் வாத்தியார், எண்ணிக்கை சொல்வது உன் தங்கை. அப்பாகூட நேற்று வேலைக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுப் போனாராம்.

உன் வார்டிலும் நடக்கமாட்டாத பிள்ளைகளை மூலையில் கிடத்தியிருப்பார்கள். வெயிலுக்குத் தூக்கி வந்து கையையாவது வீசவை, யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதே. மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரையை மறக்காமல் விழுங்கு. மாதா உன் பக்கத்தில் இருப்பாள், நீ யாருக்கும் தலை குனியாமல் நீடூழி வாழ வேண்டும்.

வீங்கிய கன்னத்தோடும் நிறைந்த மனதோடும்,
உன் அம்மா
லூர்தம்மாள்