ரோகிணியைப் பிடிச்சு வெச்சிருக்கானாம்

மலர்,

இப்பல்லாம் லீவுக்குப் போறதுக்கு முன்னாடியே எந்தத் தீவு, எந்த ஹோட்டல்னு பேஸ்புக்குல போட்டுடுறாங்க. உன் மகளும் போட்டா. நான் திட்டினேன்னு ஒரு மாசமா பேசல.

நீ கோயிலுக்குப் போனதும் ஒருத்தன் போன் அடிச்சான். ரோகிணி, மாப்பிள்ளை, பிள்ளைங்க எல்லாரையும் பிடிச்சு வெச்சிருக்கானாம். போலீசுக்குப் போகக்கூடாதாம். நடுவுல அவ குரல், "அப்பா"ன்னு அழுதுச்சு. ரோகிணி நம்பருக்கு அடிச்சா யாரும் எடுக்கல.

பக்கத்து வீட்டு அசாருதீன், "ஏமாத்து வேலை லா அங்கிள், குரலைக் கம்ப்யூட்டர்ல செய்றானுங்க"ன்னு சிரிக்கிறான். எனக்கு அது என் பிள்ளை குரல். போலீசையும் நம்பல, ஆனாலும் போறேன்.

சோறு குக்கர்ல இருக்கு. சாப்பிடு.

ரோகிணி கூப்பிட்டா குரலை நம்பாத. சின்னப் பிள்ளையில பத்துமலைக் கோயில்ல தொலைஞ்சவளை நான் எங்க கண்டுபிடிச்சேன்னு கேளு. சரியா சொன்னா, அப்பாவுக்குக் கோவம் இல்லன்னு சொல்லு.