வால் பக்கமிருந்து

மார்ச் 3
என் கணவர் ரிமோட்டில் பறக்கவிடும் பொம்மை விமானம் இன்றும் மூக்கைக் குத்தி விழுந்ததாம். உடைந்த இறக்கையோடு வந்தவர் அதை என்மேல் எறிந்தார். காதோரமாகப் போய்ச் சுவரில் பட்டது. "ரிமோட்ட நீதான நோண்டின?" நான் தொடவே இல்லை. அத்தை சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. மகன் போடும் இந்தச் சத்தம் அவருக்குப் பழக்கம். மாமா இருந்த காலத்துப் பழக்கம்.

மார்ச் 6
புது விமானத்துக்கு மிக்ஸிங் வைக்க உட்கார்ந்தார். கவட்டை போல விரிந்த வால், அதில் இரண்டு தகடு. ஏறி இறங்க இரண்டும் ஒன்றாக அசைய வேண்டும், திரும்புவதற்கு எதிரெதிராக. இரண்டு சேனலையும் ரிமோட்டில் கலந்துவிட்டால் வேலை முடிந்தது. இந்த மனிதரோ விமானத்தின் மூக்கைத் தன் வயிற்றுப் பக்கம் வைத்துக்கொண்டு வாலைப் பார்க்கிறார்! இடது வலதாகத்தானே தெரியும்? அப்புறம் விழாமல் என்ன செய்யும்?

"வால் பக்கம் நின்னு பாருங்க. முன்னாடி இருக்கிற காத்தாடியக் கழட்டிட்டுப் பாருங்க, சுத்துனா வெட்டிடும்." வாய் சும்மா இருக்கவில்லை, அவர் நண்பர் எதிரிலேயே சொல்லிவிட்டேன். நண்பர் சிரித்தார்.

நண்பர் படியிறங்கியதும் எனக்கு அறை விழுந்தது.

மார்ச் 7
இடது காது கேட்கவில்லை. இனி இந்த நோட்டில் 'அவர்' கிடையாது. அவன்.

மார்ச் 10
செய்துவிட்டேன். அவன் குளிக்கும்போது ரிமோட்டில் இன்னொரு மிக்ஸிங் சேர்த்தேன். திருப்பும் ஸ்டிக்கை ஓரத்துக்குத் தள்ளினால் மோட்டார் முழு வேகத்தில் ஓடும். காத்தாடியை அவன் கழற்ற மாட்டான். மூக்கு அவன் வயிற்றுப் பக்கம்தான் இருக்கும். சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். அதற்கென்ன?

மார்ச் 14
ஆஸ்பத்திரி. இடது கையால் எழுதுகிறேன், கோணல்மாணலாக வருகிறது.

நேற்றுக் காலை அவன் தன் அம்மாவைக் கூப்பிட்டான். "அம்மா, இதப் புடி. மூக்கு உன் பக்கம் இருக்கட்டும், நான் வால் பக்கம் நின்னு பாக்கணும்."

என் பேச்சைக் கேட்டிருக்கிறான், பாவி! அறைந்துவிட்டுக் கேட்டிருக்கிறான்! காத்தாடியை மட்டும் கழற்றவில்லை. அத்தை விமானத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"அத்தை, விடுங்க!" பாய்ந்தேன். மோட்டார் அலறியது. குறுக்கே என் வலது கை — இரண்டு விரல் போய்விட்டது. அத்தை முகமெல்லாம் என் ரத்தம்.

அவன் ஸ்டிக்கை விட்டான், மோட்டார் நின்றது. ரிமோட்டின் திரையைப் பார்த்தான். புரிந்துவிட்டது. "எனக்காடி வச்ச? எனக்கா?" ரிமோட் கழுத்து வாரில் தொங்க, என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். மறுபடியும் மோதினான்.

அத்தை விமானத்தைத் திருப்பிப் பிடித்தார். மூக்கு இப்போது அவன் பக்கம். இன்னொரு கையை நீட்டி, அவன் மார்பில் தொங்கிய ரிமோட்டின் ஸ்டிக்கை ஓரத்துக்குத் தள்ளினார். அவன் கையில் எலும்பு தெரிந்தது. அதன் பிறகும் அத்தை ஸ்டிக்கை விடவில்லை.

போலீஸ்காரர் கேட்டதற்கு அத்தை, "மெஷின் கோளாறு சார்" என்றார். அவனும் அதையே சொன்னான். பெற்றவள் வெட்டினாள் என்று எந்த வாயால் சொல்வான்?

ஏப்ரல் 20
நாங்கள் இருவரும் இந்த ஒற்றை அறைக்கு வந்தபின் இன்றுதான் தேடி வந்தான். மதியச் சாப்பாட்டு நேரம். "அம்மா... கதவத் தெற."

அத்தை என்னைப் பார்த்தார். "தெறக்கவா?"

நான் இடது கையிலிருந்த ஸ்பூனைத் தட்டில் வைத்தேன். எழுந்து போனார். கீழ்த்தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, என் தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டினார்.