குடைச் சின்னத்தில் அம்மா ஜெயித்த கதை

காஜா பெராங், மலாக்கா
22.12.1957

அன்பு மகன் கருணாகரனுக்கு அம்மா ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆண்டவன் புண்ணியத்தில் சௌக்கியமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வந்தால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ படிக்கப் போன அந்தச் சீமைக் குளிரில் எப்படி இருக்கிறாயோ, இருமல் விட்டதோ இல்லையோ என்பதுதான் எப்போதும் எங்கள் நினைப்பு. போன கடிதத்தில் இருமலைப் பற்றி ஒரு வரியும் இல்லை, ஆனால் நான் எலெக்ஷனில் நிற்கக் கூடாது என்று இரண்டு பக்கம் இருந்தது. வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கொடுக்காதீர்கள் அம்மா, நீங்கள் மருத்துவச்சியாக இருந்த காலத்து விஷயத்தை எல்லாம் தோண்டி எடுப்பார்கள் என்று எழுதியிருந்தாய். தோண்டினார்கள் தம்பி, நீ சொன்னபடியே தோண்டினார்கள். ஆனாலும் உன் அம்மா ஜெயித்துவிட்டாள். நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசம். இன்றைக்கு நான் நகராட்சி மன்ற உறுப்பினர், அதிலும் பதிவேட்டுக் குழுவின் தலைவி. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்பா எதிரே உட்கார்ந்து, நாற்பத்தொன்று என்பதைப் பெரிய எழுத்தில் எழுது என்கிறார்.

இதெல்லாம் ஜெயாவால் வந்தது. புக்கிட் பாருவில் தன் சித்தி வீட்டில் வளர்ந்த பெண், உனக்கு மூன்று வயது இளையவள், சின்ன வயதில் நீ அவள் பல்லாங்குழியை ஒளித்து வைத்து என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய். அவளுக்குத் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. முப்பத்தோராம் தேதிக்குள் பிறப்புப் பத்திரம் கொண்டுவந்து காட்டினால் சேரலாம், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. சுதந்திரம் வந்து நாலு மாதம் ஆகிறது, இப்போது எதற்குப் போனாலும் காகிதம் கேட்கிறார்கள், குடியுரிமைக்கும் அதுதான், வேலைக்கும் அதுதான். அந்தப் பெண் நகராட்சிப் பதிவேட்டு அறைக்கு நாலு தரம் நடந்தாள். அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணி புத்தகத்தைத் திறந்து காட்டி, "இந்தா பாரும்மா, பெண் குழந்தைன்னு மட்டும்தான் போட்டிருக்கு, பேரு எழுதல, அந்தக் குழந்தை நீதான்னு நான் எப்படிச் சொல்றது" என்று கேட்டிருக்கிறார். அப்பாவோ அம்மாவோ வந்து கையெழுத்துப் போட்டால் பெயரை எழுதலாமாம். அவள் அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போனவர் திரும்பவில்லை, அம்மா அடுத்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். யாரைக் கூட்டிக்கொண்டு போவாள்? என்னிடம் வந்து அழுதாள். நானும் கூடப் போனேன். புத்தகத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன். அந்த வரியின் கடைசியில் இருந்த கையெழுத்து என்னுடையது.

நீ பயந்த விஷயம் இதுதானே. உனக்குப் பாதிதான் தெரியும், மீதியையும் சொல்கிறேன். நான் முனிசிபல் மருத்துவச்சியாகச் சைக்கிளில் சுற்றிய காலத்தில் குழந்தை பிறந்து பதினாலு நாளுக்குள் ஆபீசில் பதிய வேண்டும் என்பது சட்டம். நம் ஆட்களோ முப்பதாம் நாள் சாமிக்குப் படைத்து முப்பது கும்பிடாமல் பெயர் வைக்க மாட்டார்கள், அதற்கு முன்னால் பெயரைக் கேட்டாலே கண்ணு பட்டுவிடும் என்று வாயைப் பொத்துவார்கள். நான் என்ன செய்வேன், ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, முப்பது கும்பிட்டதும் ஆபீசுக்குப் போய்ப் பேரைச் சொல்லிடுங்க என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வருவேன். முப்பது கும்பிடுகிற அன்றைக்குச் சாப்பாடு இருக்கும், பாட்டு இருக்கும், குழந்தையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொல்வார்கள், மறுநாள் ஆபீசை எல்லோரும் மறந்துவிடுவார்கள். நானும் போய்க் கேட்கவில்லை. அடுத்த வீட்டில் வலி எடுத்திருக்கும், ஓடிவிடுவேன். பத்து வருஷத்தில் இப்படி இருநூற்றுப் பதினாலு பிள்ளைகள். கிராணியோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எண்ணினேன்.

பிரசவம் பார்த்தவள் நான் உயிரோடு இருக்கிறேனே, நான் சத்தியம் செய்கிறேன், இவள்தான் அந்தக் குழந்தை என்றேன். விதியில் அப்படி இல்லை என்றார்கள். அப்போது பதிவேட்டுக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சேதுபதி முதலாளி. கடைக்கே போய்க் கேட்டேன். மனுஷர் கெட்டவர் இல்லை, ஆனால் விதிப் புத்தகத்தை வேதம் என்று நினைக்கிறவர். "மருத்துவச்சியம்மா, ஒருத்தருக்காக விதிய மாத்த முடியுமா? வேணும்னா நீங்க எலெக்ஷன்ல நின்னு ஜெயிச்சு வந்து மாத்துங்க" என்று சொல்லிவிட்டு, சேலை எடுக்க வந்தவர்கள் முன்னால் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. சரி முதலாளி, அப்படியே செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நீ சொன்னா செஞ்சிடுவே, மனுத்தாளு எங்க வாங்கணும்" என்று மட்டும் கேட்டார். இந்த மனிதரோடு முப்பது வருஷம் எப்படி ஓடியது என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு வந்த சின்னம் குடை. சேதுபதிக்கு யானை. முதலில் எனக்கு அழுகையே வந்தது, யானைக்கு முன்னால் குடை என்ன செய்யும். அப்பா ஒரு பழைய கறுப்புக் குடையில் வெள்ளைச் சாயத்தில் என் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு முழங்கால் வலியோடு வீடு வீடாக வந்தார். பின்பக்கத்துக் கம்போங் செட்டியில் நம் அன்னம் இருக்கிறாளே, அவள்தான் அங்கே என் பெரிய பலம். அங்கே உள்ள செட்டிகளுக்குத் தமிழ் வராது, வீட்டிலும் மலாய்தான், என் மலாயோ சந்தைக்கடை மலாய். நான் பேசியதை அன்னம் திருப்பி நல்ல மலாயில் சொல்லி, நான் சொல்லாததையும் நாலு சேர்த்துச் சொன்னாள். என்ன சேர்த்தாள் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஓட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது கூட்டம் போட்டோம். அன்றைக்குத்தான் ஊர் முழுக்க ஒரு நோட்டீஸ் பரவியது. நம் பிள்ளைகளைப் பெயரில்லாதவர்கள் ஆக்கியது யார், பதிவேட்டில் இருக்கும் கையெழுத்தைப் பாருங்கள் என்று அச்சடித்திருந்தார்கள். மேடையில் ஏறும்போதே முன்வரிசையில் அந்தக் காகிதங்கள் ஆடிக்கொண்டிருந்தன. தம்பி, உன் கடிதம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பின்னால் ஜெயா நின்றுகொண்டிருந்தாள், அவள் முகத்தைப் பார்த்தேன். எழுதி வைத்திருந்த பேச்சை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஆமாங்க, அந்தக் கையெழுத்து என்னோடதுதான், தப்பு என் மேலயும் இருக்கு, அதைச் சரி பண்ணத்தான் ஓட்டுக் கேக்குறேன் என்றேன். அப்புறம் ஒன்று சொன்னேன். இதை உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துவிடு, ஊருக்குச் சொல்லிவிட்டு உனக்கு இப்போது எழுதுகிறேன். என் சொந்த மகன் பெயரும் அந்தப் புத்தகத்தில் இல்லை என்று சொன்னேன்.

ஆமாம் ஐயா, உன் பெயர்தான். நீ பிறந்த பதினாலாம் நாள் அப்பா போய்ப் பதிந்தார், பெயர் கேட்டதற்கு முப்பது கும்பிடட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார், அதோடு சரி. நீ பயணப்பட்டபோது அப்பா கோர்ட்டுக்குப் போய்ச் சத்தியக் காகிதம் எழுதியது ஏன் என்று கேட்டாய், பிறப்புப் பத்திரம் ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்துபோயிற்று என்றேன். அது பொய். தொலைய அங்கே ஒன்றும் இருக்கவில்லை. கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று, புத்தகத்தில் பெயரை எழுதாமல் அந்தச் சத்தியக் காகிதத்தோடு விட்டுவிட்டோம். அப்பா உயிரோடு இருந்ததால் உனக்கு வழி பிறந்தது, நீ கப்பல் ஏறினாய், நான் மற்றவர்கள் பிள்ளைகளை மறந்துவிட்டேன். ஜெயா வந்து அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது. அதுதான் இன்று வரைக்கும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

கூட்டத்தில் முதலில் எழுந்தவள் அன்னம். என் மகன் பெயரும் புத்தகத்தில் கிடையாது, முப்பது முடிந்ததும் ஆபீசுக்குப் போக மருத்துவச்சியம்மா சொன்னார்கள், நான்தான் போகவில்லை என்று மலாயில் சத்தமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள், நானும் போகல, எங்க வீட்லயும் போகல என்று. நோட்டீசை வைத்திருந்தவர்கள் அதை மடித்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

ஓட்டுப் போடுகிற அன்று விடிந்ததிலிருந்து அடைமழை. சனங்கள் குடையோடுதானே வருவார்கள். சேதுபதியின் ஆள் ஒருவன் அதிகாரியிடம் ஓடி, இவங்க சின்னத்தைக் காட்டிப் பிரச்சாரம் பண்றாங்க, எத்தனை குடை வருது பாருங்க என்று புகார் கொடுத்தான். அதிகாரி பாவம், விதியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, குடைகளை வெளியிலேயே மடக்கி வைத்துவிட்டு வரச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், எதிர்க்கடை வாசலில் அஞ்சடி நடைபாதையில் குடை மலைபோல் குவிந்துவிட்டது. தூரத்திலிருந்து வருகிறவன் எல்லாம் அந்தக் குடைக் குவியலைப் பார்த்தபடியேதான் உள்ளே நுழைந்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்று அப்பா நனைந்துகொண்டே சிரித்தார். சாயங்காலம் எண்ணி முடித்ததும் சேதுபதி வந்து கைகூப்பி, சொன்னபடி செஞ்சிட்டீங்களே அம்மா என்றார். முதலாளி, நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன் என்றேன். அன்றைக்கு அந்தப் பதில் எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா.

மன்றத்தின் முதல் கூட்டத்தில் ரோட்டுக் கமிட்டிக்கும் மார்க்கெட் கமிட்டிக்கும் அடிதடி நடக்காத குறைதான். பதிவேட்டுக் குழுவுக்கு யார் என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை, அந்த அறையில் தூசும் பல்லியும்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நான் கை தூக்கினேன், எதிர்ப்பே இல்லை. போன வியாழக்கிழமை குழு கூடியது, ஐந்து பேர். பெற்றவர் இல்லாவிட்டால் பிரசவம் பார்த்தவரும் அக்கம்பக்கத்தில் இரண்டு பேரும் சாட்சி சொன்னால் பெயரை எழுதலாம், இருபத்தொரு வயது தாண்டியவர் தன் விண்ணப்பத்தில் தானே கையெழுத்துப் போட வேண்டும் என்று விதியை மாற்றக் கேட்டேன். ஒருவர், தலைவியே சாட்சியும் ஆகலாமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் சாட்சி சொல்கிற வரிகளில் துணைத்தலைவர் கையெழுத்துப் போடட்டும் என்றேன். மூன்றுக்கு இரண்டில் நிறைவேறியது.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெயா, அவள் சித்தி, புக்கிட் பாருவிலிருந்து இரண்டு பேர் சாட்சிக்கு வந்தார்கள். கிராணி புத்தகத்தைத் திறந்து, பேனாவை மையில் தோய்த்து, பேரு என்னம்மா என்று கேட்டார். அந்த அறைக்கு நாலு தரம் வந்து தலைகுனிந்து திரும்பிப் போன பெண், கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, ஜெயா என்றாள். பத்திரம் கையில் வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். பிறந்த அன்றைக்கு நான் அவளைத் தூக்கினேன், வெள்ளிக்கிழமை அவள் என்னைத் தூக்கிவிட்டாள், நல்ல பலசாலிப் பெண். தாதிக்கு அது வேண்டும்தானே. திங்கட்கிழமை பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், எட்டு நாள் மிச்சம் இருக்கிறது.

அவள் போனதும் கிராணி பழைய புத்தகம் ஒன்றை எடுத்துத் தூசு தட்டி, நீ பிறந்த பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். அம்மா, ஐயா உயிரோடதான் இருக்காங்க, உங்க மகன் பேரை இப்பவே எழுதிடலாமே, யாரு கேக்கப் போறா என்றார். ஆண் குழந்தை என்ற அந்த வரியைப் பார்த்தேன் தம்பி. என் கை பேனா வரைக்கும் போய்விட்டது. வாசலில் வரிசை அஞ்சடியைத் தாண்டி நின்றது, கைக்குழந்தையோடு கூட ஆட்கள் நின்றார்கள். புத்தகத்தை மூடி, வரிசையில வரட்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன், ஆனால் சொன்னது சரிதான் என்று அப்பாவும் சொல்கிறார். உனக்கு இது கோபமாக இருந்தால் அம்மாவைத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வயிறு நிறைந்தது என்று எனக்கு எழுதாதே. மிளகாய்த்தூளும் கொஞ்சம் நல்ல மிளகும் தனிப் பொட்டலத்தில் அனுப்பியிருக்கிறேன், இருமலுக்கு மிளகு ரசம் வை, கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. பரீட்சையில் நல்லபடியாகத் தேறி, நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நீ இருக்க அந்த முருகன் துணை நிற்பான். இத்துடன் உன் விண்ணப்பத்தாள் இருக்கிறது. அப்பா தம் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார், நீயும் போட்டு உடனே தபாலில் அனுப்பு, அது வந்து சேர்கிற அன்றைக்குத்தான் உனக்கு வரிசையில் இடம். உன் முறை வரும்போது மற்ற எல்லோரையும் போல நானும் வரிசையில் நின்று வந்து, கிராணி கேட்டதும் உன் பெயரை வாய் நிறையச் சொல்வேன்.

இப்படிக்கு,
கருணாகரனின் அம்மா
சந்திரமதி மாணிக்கவாசகம்